கோபத்துக்கு ஒரு கணக்கு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், மிக்க மகிழ்ச்சி. ஓய்வுபெற்ற பிறகு கோபம் கூடிவிட்டது, பண்டைய கிரேக்கரும் ரோமானியரும் பின்பற்றிய ஸ்டோயிக் தத்துவம் உதவுமா என்றும் கேட்டிருந்தாய். உதவும். ஆனால் அதைக் கோபத்தை விழுங்கும் வித்தையாக எடுத்துக்கொள்ளாதே. பலரும் தவறுவது அங்கேதான். விழுங்கிய கோபம் உள்ளேயே கிடக்கும்.

ஒருவர் உன்னைத் திட்டுகிறார். காதில் விழுந்தது வெறும் சொல். 'என்னை அவமதித்துவிட்டான்' என்பது நீ சேர்த்த தீர்ப்பு. அதற்கு மனம் தலையாட்டிய பிறகுதான் கோபம் பிறக்கிறது. முகம் சிவப்பதும் நெஞ்சு படபடப்பதும் அதற்கு முன்பே வந்துவிடும். அவற்றை ரோமானிய ஸ்டோயிக் அறிஞர் செனெகா கோபமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அவற்றோடு மல்லுக்கட்டாதே, தலையாட்டுவதை மட்டும் சற்றுத் தள்ளிப்போடு.

அடிமையாக இருந்து, பின்னாளில் கிரேக்க நகரமான நிக்கோபொலிஸில் தத்துவப் பள்ளி நடத்திய ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ் சொன்ன பயிற்சிதான் உனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கோபப்படாத நாட்களை எண்ணு. தினமும் வந்தது ஒருநாள் விட்டு வரும், பிறகு இரண்டு நாள், மூன்று நாள் விட்டு. 30 நாள் கடந்துவிட்டால் கடவுளுக்குப் பலி கொடு என்கிறார்! ஒவ்வொரு முறை கோபப்படும்போதும் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறோம். அடிபட்ட தழும்பு ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி அடித்தால் புண்ணாகிவிடும் என்பது அவர் தரும் விளக்கம். கோபப்படாத நாளுக்கு நாள்காட்டியில் ஒரு கோடு போட்டு வந்தாலே போதும்.

பொதுக் குளியலறைக்குக் கிளம்புமுன் அங்கே தண்ணீரை வாரி இறைப்பவர்கள், இடிப்பவர்கள், திட்டுபவர்கள், திருடுபவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொள் என்பதும் அவர் சொன்னதே. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போகுமுன் நீயும் இதைச் செய்யலாம்.

இரவில் விளக்கணைத்த பின் செனெகா அன்றைய நாளை விசாரிப்பார். இன்னாரை அளவு மீறிக் கண்டித்தாய், அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டார் என்று குறிப்பாகச் சொல்லிக்கொள்வார். 'இனிச் செய்யாதே, இப்போது மன்னிக்கிறேன்' என்று முடித்தும் விடுவார். இந்த மன்னிப்பை விட்டுவிடாதே சேகர். அது இல்லையென்றால் விசாரணை தன்னைத்தானே வதைப்பதாகிவிடும், நாலே நாளில் கைவிட்டுவிடுவாய்.

பெரிய சண்டையில் தொடங்க வேண்டாம். கொஞ்சம் எண்ணெய் சிந்தினால் 'மன அமைதிக்கு இதுதான் விலை' என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார் எபிக்டெட்டஸ். கை தவறிக் காபி கொட்டும் அன்றே தொடங்கு. எத்தனை கோடு ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராமு