கமலிக்கு, புது வேலைக்குப் போகுமுன்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கமலி,

நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலை, அதுவும் பள்ளிக்கூட ஆபீஸில்! நீ பேசிய வேகத்தில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் பயம்தான் இருந்தது. "பிள்ளைங்க விவரமெல்லாம் ஒரே சிஸ்டத்துல இருக்காம்டி, தப்பா எதையாவது அமுக்கிட்டா எல்லாம் போயிடுமா?" என்று கேட்டிருந்தாய்.

போகாது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு அழிக்கிற அனுமதியை எவனும் தரமாட்டான். வம்பு தொடங்குவது சிஸ்டத்துக்குள் இல்லை. அதிலிருந்து ஒரு பட்டியலை இறக்கி எக்செல்லில் திறக்கிறாயே, அங்கேதான். பள்ளி ஆபீஸில் பதினேழு வருடமாகப் பார்க்கிறேன், நான் மாட்டிக்கொண்டதெல்லாம் அங்கேதான்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது தமிழ் முரசு நாளிதழில் பொடி எழுத்தையும் படிக்கிறார், என் ரசத்தில் மிதக்கும் முடியையும் கண்டுபிடிக்கிறார். பெரியவன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். சனிக்கிழமையானால் அழுக்குத்துணி மூட்டையோடு வந்து நிற்கிறான். மற்றபடி சுகம்.

இனி உன் விஷயம். நான் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு கூத்து நடந்தது, உன்னிடம்கூடச் சொன்னதில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் கற்றல் பயணத்துக்குப் பட்டியல் போடச் சொன்னார்கள். பெயர், வகுப்பு, பெற்றோர் கைப்பேசி எண், ஒவ்வாமை. யாரோ நடுவில் அழகுக்காக ஒரு பத்தியைக் காலியாக விட்டிருந்தார்கள். நான் பெயரை அகரவரிசையில் அடுக்கினேன். எக்செல்லுக்குக் காலிப் பத்தி வந்தால் பட்டியல் முடிந்தது என்று அர்த்தம். அதனால் பெயரும் வகுப்பும் இடம் மாறின. எண்ணும் ஒவ்வாமையும் இருந்த இடத்திலேயே நின்றன. சிவப்புக் கோடு இல்லை, எச்சரிக்கை இல்லை. பார்க்க அம்சமாக இருந்தது. நாலு பிரதி எடுத்து ஆசிரியர்களிடம் கொடுத்தும்விட்டேன்.

புறப்படும் காலை ஒரு பையனுக்குக் காய்ச்சல். பட்டியலைப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டேன். "என் பிள்ளை இப்பதான் பஸ்ல உக்காந்துகிட்டு எனக்குக் கை காட்டறான், காய்ச்சலா?" என்றார். அவர் வாசலில் நின்றது என் அதிர்ஷ்டம். அதற்கப்புறம்தான் ஒவ்வாமைப் பத்தியைப் பார்த்தேன். நிலக்கடலை ஆகாத பிள்ளைக்கு நேராக 'இல்லை' என்று இருந்தது. பஸ்ஸுக்குள் ஏறி ஆசிரியர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் காலிப் பத்தியைத் தேடி நீக்குவேன், பிறகு கண்ட்ரோல் (Ctrl) விசையையும் T விசையையும் சேர்த்து அமுக்குவேன். மொத்தமும் ஒரே அட்டவணையாகிவிடும். அதற்கப்புறம் எதை வைத்து அடுக்கினாலும் வரி முழுசாக நகரும். காலிப் பத்தியை நீக்காமல் செய்தால் அட்டவணையும் பாதியில் நின்றுவிடும், அதை மறந்துவிடாதே.

அடுத்தது பூஜ்யம். தஞ்சோங் பகார் பக்கம் அஞ்சல் குறியீடு 08 என்று தொடங்கும், சைனாடவுன் 05. சிஸ்டத்திலிருந்து வரும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக்) கோப்பை நீ இரண்டு தட்டுத் தட்டித் திறந்தால், எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். ஆறு இலக்கம் ஐந்தாகும், கடிதம் திரும்பி வரும். '3-5' என்று வகுப்பு இருந்தால் அதைத் தேதியாக்கி மே மாதத்திலோ மார்ச்சிலோ கொண்டுபோய் வைக்கும். அதனால் கோப்பைத் தட்டித் திறக்காதே. காலியான எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவா. அங்கே தரவு வகையைக் கண்டுபிடிக்காதே என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டால் எல்லாம் எழுத்தாகவே வரும். சரிபார்க்க இன்னொரு வழி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் என்றால் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்தான். தேக்கா சென்டர் புளோக் 665, குறியீடு 210665. பெற்றோர் படிவத்தில் தப்பாக எழுதியிருந்தால்கூட இதை வைத்துப் பிடித்துவிடலாம். நான் பிடித்திருக்கிறேன்.

நம் பெயர்கள் ஒரு தனிக் கதை. உன்னுடையது தனியார் பள்ளி என்பதால் மென்பொருள் வெளிநாட்டில் செய்ததாக இருக்கலாம். அதில் முதல் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி இருக்கும். இரண்டாவதைக் காலியாக விட்டால் விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவசரத்துக்கு அப்பா பெயரை அதில் போடுவார்கள். அப்புறம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 'திரு முருகன்' என்று அப்பா பெயரில் கடிதம் போகும், பட்டியலில் அவன் எழுத்துக்குப் போகாமல் அப்பா எழுத்துக்குப் போய் ஒளிந்துகொள்வான். பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படி முழுப்பெயரையும் ஒரே பெட்டியில் போட முடியுமா என்று முதல் வாரமே கேள். முடியாதென்றால் ஆபீஸில் எல்லாரும் ஒரே மாதிரி போடுகிற ஒரு முறையாவது வேண்டும். ஆளுக்கொரு விதமாகப் போட்டால் அதைவிடக் கேடு வேறில்லை.

இன்னாரின் மகன், மகள் என்பதற்கு 'எஸ்/ஓ', 'டி/ஓ' போடும் அந்தச் சாய்கோடும் ஒரு தொல்லை. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு வரக்கூடாது. அறிக்கைகளைப் பிள்ளையின் பெயரிலேயே தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கும்போது நம் பிள்ளைகளுடையது மட்டும் தடுக்கி விழும். ஜோகூரிலிருந்து வருபவர்களின் 'ஏ/எல்', 'ஏ/பி'க்கும் இதே கதி. கோப்புக்குப் பெயரை வைக்காதே, மாணவர் எண்ணை வை.

பெயரை வைத்து இரண்டு பட்டியலை ஒப்பிடவும் செய்யாதே. ஒரே வகுப்பில் இரண்டு பிரியா இருப்பார்கள். எப்போதும் எண். ஒரு பட்டியலில் தேடி இன்னொன்றுக்கு எடுத்துவரும் விலுக்அப் (VLOOKUP) சூத்திரம் போடுகிறாயென்றால் கடைசியில் 'ஃபால்ஸ்' என்று எழுத மறக்காதே. விட்டுவிட்டால் ஏறக்குறையப் பொருந்துகிறதைக் கொண்டுவந்து, வேறொரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூசாமல் வைத்துவிடும்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாப் போட்டிகள் வரும், சான்றிதழுக்குத் தமிழில் பெயர்ப் பட்டியல் உன் தலையில்தான் விழும். தமிழ் தெரிந்தவள் என்றால் விடுவார்களா? அதைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடு. ஆங்கிலப் பெயரை மெஷினிடம் கொடுத்துத் தமிழாக்கவும் வேண்டாம். எங்களிடம் ஒரு மாலா 'மாளா' ஆகி மேடை வரை போய்விட்டாள். பிள்ளையையே கூப்பிட்டு எழுதச் சொல். இரண்டு நிமிட வேலை, அதுகளுக்கும் அதில் ஒரு பெருமை.

ரகசியம் காப்பதைப் பற்றி உனக்கு வகுப்பே எடுப்பார்கள், நான் கொஞ்சம்தான் சொல்கிறேன். எங்களைப் போன்ற அரசாங்கப் பள்ளிக்கு அரசாங்கத்தின் தரவு விதிகள். உங்களுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2012இல் வந்தது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் வெளியே போனால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை குறைவானாலும், யாருக்காவது பெரிய பாதிப்பு வரும் தகவலென்றால் அப்போதும் சொல்லியாக வேண்டும். நீ கவனிக்க வேண்டியது, எக்செல்லில் ஒரு பத்தியை மறைப்பது அதை நீக்குவது ஆகாது. பெறுபவர் இரண்டு தட்டில் திறந்து பார்த்துவிடுவார். அடையாள எண், அப்பா வருமானம், மருத்துவக் குறிப்பு எல்லாம் அப்படித்தான் வெளியே போகிறது. தேவையான பத்திகளை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டி அனுப்பு. கோப்பைப் பூட்டினால் அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்காதே. கவுண்ட்டருக்கு எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் L விசையையும் சேர்த்து அமுக்கு, திரை பூட்டிக்கொள்ளும். எதிரே நிற்கும் அம்மாவுக்கு நம் திரையைப் படிக்கிற அளவுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு 2019இல் பேரண்ட்ஸ் கேட்வே என்ற பெற்றோர் செயலி வந்தபிறகு பையில் கசங்கி வரும் ஒப்புதல் தாளைத் தேடும் வேலை குறைந்தது. பெற்றோர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளத்தில் நுழைந்து கைப்பேசியிலேயே சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பள்ளியில் வேறு செயலி இருக்கும். எதுவானாலும் பெற்றோர் எண் மாறினால் சிஸ்டத்தில் மாற்று. உன் எக்செல்லில் மட்டும் மாற்றிவைத்தால் அடுத்த மாதம் இறக்கும் பட்டியலில் பழைய எண்தான் வரும், நீ மாற்றினாய் என்பது உனக்கே நினைவிருக்காது.

கடிதம் நீண்டுவிட்டது, அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் முடிந்ததும் சனிக்கிழமை தேக்காவுக்கு வா, தோசை என் செலவு. உன் சிஸ்டத்தில் எந்தெந்தப் பெட்டி இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் திரையைப் படம் பிடித்து அனுப்பிவைக்காதே, அதில் பிள்ளைகளின் பெயர் தெரியும். பெட்டிகளின் தலைப்பை மட்டும் ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மீனா