பேத்திக் கதைக்கு வெளியே: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகிக் கமலா ஹாரிஸை ஆதரித்ததும், நம் செய்தி வாகனங்கள் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துக்குப் புறப்பட்டன. தர்மசாஸ்தா கோயிலில் நடந்த சிறப்பு வழிபாடு, ஊரில் கட்டிய பதாகை, நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயர் என்று தேர்தல் முடியும்வரை அந்த ஊரையே நாம் சுற்றிவந்தோம். தாய்வழிப் பாட்டனாரின் ஊர் மகிழ்வதில் பிழை எதுவும் இல்லை. நானும் அந்தக் காட்சிகளை ரசித்துப் பார்த்தவன்தான். ஆனால் பைடன் விலகிய அதே ஞாயிற்றுக்கிழமை இரவு, 2020 முதல் கூடிவரும் கறுப்பினப் பெண்களின் அமைப்பு ஒன்று ஏற்பாடு செய்த ஸூம் அழைப்பில் 40,000-க்கும் மேற்பட்டோர் இணைந்து, சில மணி நேரத்தில் 15 லட்சம் டாலர் திரட்டினார்கள். அவருடைய வேட்புரிமைக்கு முதல் இரவிலேயே தோள் கொடுத்தவர்கள் அவர்கள். நான் வாங்கும் எந்த நாளிதழிலும் அந்தச் செய்தி முதல் பக்கத்துக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து, சிகாகோவில் நடந்த கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டில், கமலா அண்மையில்தான் திடீரெனக் கறுப்பராக மாறினார் என்னும் பொருள்படப் பேசினார் டொனால்ட் டிரம்ப். அதை நம் விவாத மேடைகள் "இந்தியரா, கறுப்பரா" என்ற பட்டிமன்றமாக மாற்றிக்கொண்டன. கறுப்பின மக்களுக்கு அது விடை தேடவேண்டிய கேள்வியாகவே இருக்கவில்லை. வெர்ஜினியா மாநிலம் 1924இல் இயற்றிய சட்டம், உடலில் ஒரு துளி கறுப்பின ரத்தம் இருந்தாலும் வெள்ளையர் என்ற தகுதியை மறுத்தது. அப்படி வரைந்த கோட்டுக்குள் தள்ளப்பட்டவர்கள் அந்த ஒதுக்குதலையே உறவாகவும் அமைப்பாகவும் வளர்த்துக்கொண்டார்கள். கமலாவின் பெற்றோரான ஷியாமளா கோபாலனும் ஜமைக்காவில் பிறந்த டொனால்ட் ஹாரிஸும் 1962இல் முதன்முதலாகச் சந்தித்ததே பெர்க்லியில் கறுப்பின மாணவர்கள் நடத்திய கூட்டம் ஒன்றில்தான். தம் பெண்கள் இருவரையும் இந்த நாடு கறுப்பினத்தவராகவே பார்க்கும் என்பதை உணர்ந்து தாய் வளர்த்ததாகக் கமலாவே எழுதியிருக்கிறார். அவர் படிக்கத் தேர்ந்த, கறுப்பினத்தவருக்கென உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகமும், அங்கே 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் கறுப்பின மாணவியர் சங்கமும் இல்லாமல் அவருடைய அரசியலை எழுத முடியாது.

இதைவிட என்னை உறுத்துவது, உங்கள் பக்கங்களில் தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் வரும் "கறுப்பின ஓட்டு வங்கி" என்ற சொல். வங்கி என்றால் யாரோ போட்டுவைத்ததை வேறு யாரோ எடுக்கலாம் என்று பொருளாகிறது. 1960இல் கறுப்பின வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடியரசுக் கட்சியின் நிக்சனுக்குப் போனது. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்ற பற்று அதுவரை முற்றிலும் அற்றுப்போகவில்லை. கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன்கூட அந்த ஆண்டு நிக்சனுக்காகப் பிரசாரம் செய்தார். 1964இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டரை அந்தக் கட்சி வேட்பாளராக்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் தாம் கண்டதை, ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதர் உணர்ந்திருக்கக்கூடியதோடு ராபின்சன் ஒப்பிட்டார். இப்படிக் கண் முன்னே கதவு சாத்தப்பட்டதால் வெளியேறியவர்களைத்தான் நாம் வங்கி என்கிறோம்.

அவர்கள் போய்ச் சேர்ந்த கட்சியும் நடுவீட்டில் பாய் விரித்துவிடவில்லை. அதே 1964 ஆகஸ்டில், வாக்காளராகப் பதிய முயன்றதற்காகத் தாம் வேலைசெய்த தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டு, பின்னர் வினோனா நகரச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்ட கறுப்பினப் பெண் போராளி ஃபேனி லூ ஹேமர், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன், வெள்ளையர் மட்டுமே கொண்ட மிசிசிப்பி மாநிலப் பிரதிநிதிக் குழுவுக்குப் பதிலாகத் தம் குழுவுக்கு இடம் கேட்டு, அம்மாநிலத்தின் கதையைச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களை அழைத்துக் கேமராக்களைத் தம் பக்கம் இழுத்தார். ஆனால் தொலைக்காட்சிகள் அன்றிரவே ஹேமரின் பேச்சை நாடு முழுவதும் ஒளிபரப்பின. சமரசமாக இரண்டே இருக்கைகள் தருவதாகக் கட்சி சொன்னபோது, அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருடைய குழு மறுத்துவிட்டது. கட்சிக்குள்ளேயே நின்றுகொண்டு கட்சியோடு மல்லுக்கட்டும் இந்தப் பழக்கம் அதன்பிறகு ஓயவில்லை. 1972இல் நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரான ஷெர்லி சிஷோம் அதிபர் வேட்புரிமை கேட்டபோது, இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் ஆயிரக்கணக்கில் கூடிய கறுப்பின அரசியல் மாநாடே அவரை ஆதரிக்கவில்லை. கறுப்பர் என்பதைவிடப் பெண் என்பதற்காகவே அதிகம் ஒதுக்கப்பட்டதாக அவர் சொன்னது இன்றைக்கும் கசக்கும் உண்மை. 2020 பிப்ரவரியில் தெற்குக் கரோலினாவின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஆதரவாகச் சொன்ன ஒரு சொல்லில் பைடன் வேட்பாளர் போட்டியில் பிழைத்தெழுந்தார் என்றால், அதே ஆண்டில் இளைய கறுப்பினத்தவர் பலர் பைடன் முன்னின்று கொண்டுவந்த, தண்டனைகளைக் கடுமையாக்கிய 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தைச் சுட்டி அவரை விடாமல் கேள்வி கேட்டார்கள்.

கமலாவுக்கும் இதுவே நேர்ந்தது. அரசு வழக்கறிஞராக அவர் எடுத்த நடவடிக்கைகளை முதலில் தோண்டி எடுத்து விமர்சித்தவர்களில் கறுப்பின இடதுசாரிகள் முன்னணியில் இருந்தார்கள். 2024 அக்டோபரில் பிட்ஸ்பர்கில், கமலாவை ஆதரிக்கத் தயங்குவதாக ஒபாமா கறுப்பின ஆண்களைக் கடிந்துகொண்டபோது, தோற்றால் பழியை எங்கள் தலையில் கட்டுவதற்கு இப்போதே கயிறு திரிக்கிறீர்களா என்ற தொனியில் மறுமொழிகள் எழுந்தன. சில நாளில் கமலா, சிறு தொழில் தொடங்குவோருக்கு 20,000 டாலர் வரை திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத கடன் உள்ளிட்ட திட்டம் ஒன்றை அறிவித்தார். மிகவும் தாமதம் என்பது என் எண்ணம். வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேரும், ஆண்களில் நான்கில் மூவருக்குச் சற்றே கூடுதலானோரும் அவருக்கே வாக்களித்தார்கள். வேறெந்த இனத்து ஆண்களும் அவருக்கு அந்த அளவு ஆதரவு தரவில்லை. வெள்ளையினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் டிரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் மறுநாள் நம் தொலைக்காட்சிகளில் "கறுப்பின ஆண்கள் கைவிட்டனர்" என்ற வரி ஓடியதைக் கண்டேன்.

ஆசிரியர் பெருமக்களே, இரவுப் பணியில் தனியாளாக அமர்ந்து முகமைச் செய்தியை மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த அதிபர் தேர்தல் 2028இல் வருகிறது. அமெரிக்காவுக்கு எவரையேனும் அனுப்ப முடிந்தால், முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கும் ஒரு ஞாயிறன்று ஜார்ஜியாவின் கறுப்பினத் தேவாலயம் ஒன்றின் வாசலில் அவரை நிற்கச் சொல்லுங்கள். வழிபாடு முடிந்ததும் மக்கள் அங்கிருந்தே பேருந்தேறி வாக்களிக்கப் போவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் குறைக்க 2021இல் அம்மாநிலச் சட்ட வரைவு ஒன்று முயன்று, எதிர்ப்பு கிளம்பியதால் பின்வாங்கியது. பேருந்துக்குக் காத்திருப்பவர்களிடம் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்பதற்கு முன், சென்ற முறை வாக்களித்த கட்சி எதைச் செய்யாமல் விட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில்களை வெட்டாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன் ஒருவன்