அந்தத் தூக்கிப்போடுகிற ஐட்டம்

அன்பு மகன் முருகேசனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா பெண்ணுக்கு வளைகாப்பு, தேதி பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய சர்க்கஸ் வீடியோ பார்த்தோம். வலை கட்டி முடிக்கும்வரை ரிங்கை நீங்கள் இரண்டு ஜோக்கர்களே தாங்கிவிட்டீர்கள். அறை வாங்கும்போது சத்தம் உன் உள்ளங்கையிலிருந்து வருகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. அம்மா நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டாள்.

கடைசியில் திரையோரம் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்கிறாய். களைப்புத்தானே? முகத்து வெள்ளையைச் சோப்பால் தேய்க்காதே, தேங்காய் எண்ணெயில் துடைத்துவிட்டுக் கழுவு.

உன்னை மெத்தைமேல் தூக்கிப்போடுகிற அந்த ஐட்டத்தை விட்டுவிடேன். மெத்தை எவ்வளவு கனம் என்பது பேச்சில்லை. நம்மைக் குள்ளமாக்கிய அகோண்ட்ரோப்ளேசியா உள்ள உடம்பில் முதுகெலும்புக்குள் நரம்பு போகிற வழி பிறவியிலேயே குறுகல். சின்ன வயதில் தெரியாது. வயது ஏற ஏற எலும்பு தடித்து, டிஸ்க் பிதுங்கி நெருக்கும். நடந்தால் கால் மரக்கும், குனிந்தாலோ குந்தினாலோ விடும். குனியும்போது அந்த வழி கொஞ்சம் அகலும், பின்னால் வளைந்தால் இறுகும். அதனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிற நடையும் வேண்டாம், எவ்வளவு கைதட்டல் வந்தாலும். தலைகுப்புற விழுவது இன்னும் மோசம். மண்டையும் கழுத்தும் சேருமிடமும் நமக்குக் குறுகல்தான். எடையையும் ஏறவிடாதே.

உடனே பிரான்ஸ் வழக்கை எடுப்பாய். குள்ளர்களைத் தூக்கியெறிகிற வேடிக்கை மனித மானத்துக்கு இழுக்கு என்று 1995-ல் அங்கே கோர்ட் தடையை உறுதி செய்தபோது, எறியப்பட்டவரே என் பிழைப்பைக் கெடுக்காதே என்றுதான் வாதாடினார். 2002-ல் ஐ.நா. மனித உரிமைக் குழுவிலும் தோற்றார். நான் அவர் பக்கம்தான். நம் மானத்தை நீதிபதி அளக்க வேண்டாம். நான் கேட்பது முதுகை மட்டும்.

எக்ஸ்ரேயோடு நிற்காதே, எம்.ஆர்.ஐ. எடு. நரம்பு நசுங்குவது அதில்தான் தெரியும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் உடம்பு விவரத்தை முன்னாடியே சொல். முதுகில் ஊசி போடுவது நமக்குச் சிக்கல். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிப்போடு. 2016 சட்டத்தில் 147 செ.மீ. வரை உள்ள பெரியவர்களைச் சேர்த்தாயிற்று. எத்தனை தரம் சொல்வது?

தூக்கிப்போடுகிற ஐட்டத்தை விடு. முதலாளி முறைத்தால் முறைக்கட்டும், அறை ஐட்டம் ஒன்றே போதும் உனக்கு.

போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். ஆம், இல்லை என்று எழுதினால் போதும். கால் மரக்கிறதா? சிறுநீர் தெரியாமல் போகிறதா? இரண்டாவது இருந்தால் காட்சி முடியட்டும் என்று காத்திருக்காதே, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. பணம் அனுப்புகிறேன்.

அப்பா