நிபுணரின் அறிக்கை வந்த பிறகு

அன்புள்ள மாலதி,

நாங்கள் நலம். உன் மகளின் தேர்வு முடிவு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. கணக்கில் அவள் எடுத்திருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால், அவள் உன் வயிற்றில்தான் பிறந்தாளா என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. இதற்குப் பதிலாக நீ விடுதிப் பூட்டு விவகாரத்தை இழுப்பாய் என்பதும் தெரியும், இழுத்துக்கொள்.

பையனின் மூளை பாதிப்புக்குப் பிரசவத்தில் நடந்த தவறு காரணமா என்று ஆராய்ந்த நிபுணரின் அறிக்கையை வழக்கறிஞர் அனுப்பிவிட்டார். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வாக்கியம் முடிவதற்குள் "போடு வழக்கை" என்று நீ கத்துவாய், இரண்டாவது வாக்கியத்துக்கு நான் போகவே முடியாது. பட்டாளத்தாரிடம் சொன்னால் அவர் "குழந்தையைப் பார்ப்பாயா, கோர்ட்டைப் பார்ப்பாயா" என்று அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் கத்துவார். ஆகவே கடிதம்.

என் மனத்தில் இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருந்த வழக்கு எது என்று உனக்குத் தெரியும். அந்த மருத்துவர். "உலகத்தில் உனக்கு மட்டும்தான் பிரசவமா" என்று கேட்டவர். அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று நான் கெஞ்சியபோது பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தவர். பையனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துச் சென்ற பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர். அவரைக் கூண்டில் நிறுத்தி எத்தனை இரவுகள் மனத்துக்குள் குறுக்கு விசாரணை செய்திருப்பேன்! அறிக்கையில் அவரைப் பற்றி இருப்பவை நான்கே வரிகள். அழைப்பு கிடைத்த பதினான்காவது நிமிடத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிட்டார், அது பாராட்டத்தக்க வேகம், அவரிடம் குறை காண இடமில்லை என்கிறது.

அறிக்கை திரும்பத் திரும்ப வந்து நிற்பது அதற்கு முந்தைய ஐம்பது நிமிடங்களில். வலியைக் கூட்டுவதற்காக எனக்கு ஆக்சிடோசின் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் கருப்பை சுருங்கினால், குழந்தையின் இதயத் துடிப்பும் சரியில்லாதபோது, அந்த மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். கருப்பை சுருங்கும்போதெல்லாம் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடுவதால், இரண்டு சுருக்கங்களுக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வில்தான் குழந்தை தனக்கு வேண்டிய ஆக்சிஜனை மீட்டுக்கொள்கிறது. எனக்கு ஆறும் ஏழுமாக வந்திருக்கின்றன. குழந்தையின் இதயத் துடிப்பையும் கருப்பைச் சுருக்கத்தையும் பதிவு செய்யும் சி.டி.ஜி. தாளில், நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு, ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பின்னும் சரிந்து, தாமதமாக மீண்டு, சிறு சிறு ஏற்ற இறக்கங்களையும் இழந்து தட்டையாகிக்கொண்டே போகிறது. அதே நேரத்துக்குக் குறிப்பேட்டில் எழுதியிருப்பது: "துடிப்பு சீர். தாய் நலம்." அடுத்த வரியில் டிரிப்ஸின் வேகம் கூட்டப்பட்டிருக்கிறது.

அந்த வரிகளை எழுதியவர் யார் தெரியுமா? அந்தச் செவிலியர் அக்கா. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர், பணி நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் தலையைத் தடவிக்கொண்டே நின்றவர். அந்த இடத்தில் இருந்த ஒரே மனுஷி என்று அன்று உனக்கு எழுதியிருந்தேனே, அவரேதான்.

ஆக, என்னைப் புண்படுத்தியது எதுவோ அது வழக்கு ஆகாது. வழக்கு ஆகக்கூடியது எதுவோ, அது நடந்தபோது எனக்குத் தெரியவே இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மற்றொரு கொம்பும் முறிந்துவிட்டது. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய மான்ட்கொமரி வழக்கைப் பற்றி உனக்கு எவ்வளவு உற்சாகமாகச் சொன்னேன்! நீரிழிவு உள்ள, குள்ளமான ஒரு தாய்; குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவரைப் போன்றவர்களுக்கு 9 முதல் 10 சதவீதம்; அதை மருத்துவர் அவரிடம் சொல்லவில்லை; தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை முடக்குவாதம். சொல்லியிருக்க வேண்டும், தெரிந்து முடிவு செய்வது அந்தத் தாயின் உரிமை என்று நீதிமன்றம் கூறியது. நான் கேட்டும் அறுவை சிகிச்சை செய்யவில்லையே, இது என் வழக்கேதான் என்று நம்பியிருந்தேன். வழக்கறிஞர் பொறுமையாக, இல்லை என்று தலையசைத்தார். நான் கேட்ட நேரத்தில் எனக்குச் சொல்ல வேண்டிய தனிப்பட்ட ஆபத்து எதுவும் இருக்கவில்லை. துடிப்பும் அப்போது நன்றாகவே இருந்தது. சிரித்தது அநாகரிகம்தான், ஆனால் அந்தச் சிரிப்பினால் மூளை பாதிக்கப்படவில்லை. அந்தப் பிள்ளை 1999-இல் பிறந்தது, இறுதித் தீர்ப்பு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எதற்காகச் சொன்னார் என்பது புரிந்தது.

தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தவறினால்தான் இந்தக் கேடு என்றும் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது பகுதியில்தான் பிறப்பு வழக்குகள் பல தோற்கின்றன என்கிறார். 1997-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த பொலித்தோ வழக்கு இதற்கு நல்ல பாடம்: மூச்சுத் திணறிய குழந்தையைப் பார்க்க அழைத்தும் மருத்துவர் வரவில்லை, அது தவறு என்பதில் தகராறே இல்லை, ஆனால் வந்திருந்தாலும் மூச்சுக்குக் குழாய் செருகியிருக்க மாட்டார், அப்படிச் செருகாதிருப்பதும் ஏற்கத்தக்க மருத்துவமே என்று முடிவானதால் குடும்பம் தோற்றது. அக்கா அழைத்திருந்தால் மருத்துவர் வந்திருப்பாரா, வந்தால் உடனே எடுத்திருப்பாரா, எடுத்திருந்தால் பையன் இன்று உட்கார்ந்திருப்பானா என்று ஒவ்வொரு படியையும் நாங்கள் நிரூபிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்லப்போவதும் புதிதல்ல. 1860-களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், இத்தகைய முடக்கத்துக்குக் கடினமான பிரசவமே காரணம் என்றார். 1897-இல் ஃப்ராய்ட் (ஆம், கனவுகளுக்குப் பலன் சொன்ன அதே ஃப்ராய்ட்) பிரசவம் கடினமானதே கருவில் முன்பிருந்த கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாமே என்று திருப்பிக் கேட்டார். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் சிறு பகுதியினருக்கு மட்டுமே பிரசவ நேரத்து ஆக்சிஜன் குறைவு காரணம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்தும். எங்கள் பையன் அந்தச் சிறு பகுதியில் சேர்ந்தவன் என்பதற்குச் சான்றுகள் உள்ளன: தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தைக் காட்டும் pH அளவு 6.9, அதாவது 7.0 என்ற எல்லைக்கும் கீழே (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்), பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கர் மதிப்பெண் ஐந்தாம் நிமிடத்தில் மூன்று, பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய குளிரூட்டும் சிகிச்சைக்குத் தகுதியானவன் என்று அவர்களே தீர்மானித்து 72 மணி நேரம் குளிரில் வைத்தார்கள், எம்.ஆர்.ஐ. படத்திலும் ஆக்சிஜன் குறைவுக்கே உரிய சேதம் தெரிகிறது. ஆனால் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை. அதில் தொற்று இருந்ததா, வளர்ச்சிக் குறை இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அன்று மாலை லேசான காய்ச்சல் இருந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. அதை அவர்கள் விடமாட்டார்கள்.

இனி இழப்பீட்டுக் கணக்கு. இதை எழுதவே கூசுகிறது. பிறரின் துணையோடு, பயிற்சியோடு, கருவிகளோடு அவன் வாழப்போகும் ஆண்டுகளுக்கான செலவைத்தான் கேட்க வேண்டும். அப்படியானால் எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வி எழும். அவன் குறைந்த காலமே வாழ்வான் என்று ஒரு மருத்துவரை வைத்து அவர்கள் வாதாடுவார்கள். நீண்ட காலம் வாழ்வான், ஆனால் எதுவுமே செய்ய இயலாதவனாக வாழ்வான் என்று மற்றொரு மருத்துவரை வைத்து நாங்கள் வாதாட வேண்டும். அவனால் முடியாதவற்றை நாள்தோறும் எழுதி வைக்கும்படி வழக்கறிஞர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார். தலை நிற்கவில்லை, விழுங்கும்போது புரையேறியது, இடது கை விரியவில்லை என்று எழுதுகிறேன். நேற்று அவன் என் குரல் கேட்ட பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தான். அதை எழுத அந்தப் புத்தகத்தில் இடமில்லை. இயன்முறைப் பயிற்சியாளரிடம் மட்டும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஜப்பானில் 2009 முதல் இதற்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பிரசவத்தோடு தொடர்புள்ள மூளை முடக்குவாதம் என்றால், யார் தவறு என்று நிரூபிக்காமலே குடும்பத்துக்குப் பணம் தருகிறார்கள். கூடவே ஒரு குழு நடந்ததை ஆராய்ந்து, ஒரே அறிக்கையைக் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் அனுப்புகிறது. நான் கேட்பது இவ்வளவுதான், மாலதி. அவனுக்கு வேண்டிய பணமும், அந்த ஐம்பது நிமிடங்களில் என்ன நடந்தது என்ற பதிலும். இங்கே இரண்டையும் ஒரே வழியில்தான் கேட்க முடிகிறது. அந்த வழியில் இறங்கியதும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

என் கணவர் போட்டே தீர வேண்டும் என்கிறார். ஊழியர் செய்த பிழைக்கு மருத்துவமனைதான் பொறுப்பு, அக்காவின் கையிலிருந்து ஒரு காசும் போகாது என்பது அவர் வாதம். சட்டப்படி அது சரி. ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்கப்போவது மருத்துவமனைக் கட்டடம் அல்லவே. அக்காவிடம், தன் கையெழுத்தில் உள்ள "துடிப்பு சீர்" என்பதைத் தானே வாசிக்கச் சொல்வார்கள். அன்று இரவு அவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அறிக்கையில் இல்லை. அதையும் கேட்டு எழுதுங்கள் என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டேன்; மருத்துவமனை ஆட்களைக் குறைத்து வைத்திருந்தால் அது அவருடைய பிழையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. நீ என்னைக் கோழை என்பாய். அவர் மீது இரக்கம் காட்டுவதற்காகப் பையனின் பங்கை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எனக்குப் பின் அவனை யார் தூக்கி உட்கார வைப்பார்கள் என்ற கேள்விக்கு என் இரக்கம் பதில் ஆகாது. ஆனால் நடக்காத ஒரு பிழைக்காக அவரை நிறுத்திவிடவும் கூடாது.

என்னை இன்னும் கையெழுத்துப் போட விடாமல் தடுப்பது இந்த ஒன்றுதான். ஒரே சி.டி.ஜி. தாளை இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகப் படிப்பது வழக்கம் என்றும், குழந்தைக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று முன்பே தெரிந்துகொண்டு படித்தால் தாள் இன்னும் மோசமாகத் தெரியும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. நம் நிபுணருக்கு முடிவு தெரியும், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாளைக் கையில் எடுத்திருக்கிறார். அக்காவுக்கு அன்று முடிவு தெரியாது. தாளைப் படிக்கத் தெரிந்த உன் அண்ணனைக் கேட்டும் பயனில்லை, அவருக்கும் எல்லாம் தெரியும்; அன்று தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாரே, அப்போதே எனக்குப் புரிந்தது.

அவரிடம் நீ ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். இத்துடன் தாளின் தெளிவான நகல் வைத்திருக்கிறேன். மூலம் வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் ஓரங்களில் மங்கத் தொடங்கிவிட்டது. பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். இக்கதை எதுவும் அறியாத, பிரசவ அறையில் இப்போதும் வேலை செய்கிற ஒருவரிடம், நன்றாகப் பிறந்த குழந்தைகளின் தாள்கள் சிலவற்றோடு கலந்து இதைக் கொடுக்கச் சொல். எந்த இடத்தில் மருந்தை நிறுத்துவீர்கள், எந்த இடத்தில் மருத்துவரை அழைப்பீர்கள் என்று மட்டும் கேட்கட்டும். நான் சிவப்பு மையில் குறித்த தனித் தாளை உறையிலேயே வைத்துக்கொள்ளட்டும், முன்கூட்டிப் பிரிக்க வேண்டாம். தாளைப் படிப்பவர் விரல் வைக்கும் இடம் அந்த ஐம்பது நிமிடங்களின் தொடக்கத்தில் இருந்தால், அடுத்த நாளே கையெழுத்துப் போட்டுவிடுவேன். கடைசிச் சில நிமிடங்களில் இருந்தால், வழக்கறிஞரிடம் மீண்டும் உட்கார்ந்து பேச வேண்டும். பையனின் பெயரில் தொடுக்கக் கூடுதல் அவகாசம் உண்டு. பெற்றோராக நாங்கள் தொடுப்பதற்கான கெடு இந்த ஆண்டோடு முடிகிறது. எனவே அண்ணனை வழக்கம்போல் ஆற அமர யோசிக்க விடாதே.

நகலைப் பட்டாளத்தாரிடம் காட்டாதே.

அன்புடன்,
உன் சுமதி