பத்துத் தடவை எழுத வைப்பதை நிறுத்தலாமா? ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். போன தடவை உங்களில் பள்ளிப் பார்வைக்கு வந்த ஒருவர், தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுத வைக்கும் நோட்டு எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு நோட்டு என்னிடம் இல்லை. அப்போது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சீட்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள், அது அவருக்கு வெறும் விளையாட்டாகத் தெரிந்திருக்கிறது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் சொல் எழுதிய சீட்டுகள். பந்து, கன்று, வண்டு, சந்தை, பன்றி, நண்டு, தென்றல் என்று இருபது சொல் இருக்கும். தலைப்பு கொடுக்க மாட்டேன், ஒன்றுபோல இருப்பதைச் சேர்த்து வை என்பதோடு சரி. பாதிப் பேர் வீட்டில் தக்காளி தரம் பிரித்துப் பழகிய கை, வேறென்ன சொல்லித்தர வேண்டும்? கொஞ்ச நேரத்தில் த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன், ட-வுக்கு முன்னால் ண் என்று அவர்களே பிடித்துவிடுகிறார்கள். தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று நாம் ஒப்பிக்க வைக்கிற பெயருக்கே அதுதானே காரணம்! ஒருத்தி மட்டும் 'மூன்று' சீட்டை ண வரிசையில் வைத்துவிட்டு "வீட்ல மூணுன்னுதானே சொல்றோம்" என்று சண்டைக்கு வந்தாள். "அப்போ கன்றையும் கன்னுன்னு மாத்து" என்று மடக்கினான் பக்கத்தில் இருந்தவன்.

ல, ள, ழ வேறு கதை. அதில் நானே சறுக்கினேன், முதலில் காதால் கேட்டுப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிற ஊரில் அது எப்படி நடக்கும்? முன்பு கெலமங்கலம் பக்கம் இருந்தபோது வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் நிறைய, இன்றைய அந்த இரண்டு மொழியிலும் ழ கிடையாது. இங்கே பிடித்துக்கொள்ள விதியும் இல்லை, பொருள்தான் வழி. புளி, புலி, வலி, வழி, வால், வாள் எதுவானாலும் சீட்டை வைக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். 'புலிக்குழம்பு' என்று எழுதியவன் அன்றைக்கு அதைத் தானே வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்துச் செயல்பாடாக நடத்தச் சொன்னவர்கள் நீங்கள்தானே, அப்புறம் ஏன் நோட்டில் பக்கத்தை எண்ணுகிறீர்கள்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள். மாவட்டம் முழுக்க ஒரே சீட்டுக்கட்டை அச்சடித்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தந்த வகுப்பு செய்கிற தப்பிலிருந்துதான் சொல் வர வேண்டும்.

என் கட்டைக் கொண்டுவருகிறேன், நீங்களே தரையில் உட்கார்ந்து பிரியுங்கள். அதில் 'நண்பன்' என்று ஒரு சீட்டு உண்டு. அதை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.