நிழல் காணாமல் போகும் மத்தியானம்

ஒழுங்கை உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

வெயில் கொளுத்துகிறது என்று பிள்ளைகள் போனும் கையுமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். அவர்களை முற்றத்துக்கு இறக்க நல்லதொரு சாட்டு இருக்கிறது.

ஏப்ரல் 15 அளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும். மத்தியானம் 12.10 அளவில், நிமிர்த்தி வைத்த தடிக்குப் பக்கத்தில் நிழல் விழாது. ஆகஸ்ட் கடைசியிலும் ஒருமுறை இப்படி வரும் என்றாலும், சித்திரை விடுமுறையில் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது பார்ப்பது தனிச் சந்தோசம்.

போன வருடம் நாங்கள் உலக்கையை முற்றத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். 11 மணியிலிருந்து மகள் நிழலின் நுனியில் கரிக்கட்டியால் கோடு போட்டபடி இருந்தாள். கோடுகள் கிட்டக் கிட்ட வந்து, கடைசியில் நிழல் உலக்கைக்குக் கீழேயே ஒளித்துக்கொண்டது. அடுப்படியில் இருந்த அம்மம்மா ஓடி வந்து, "எழுவது வருசமா இந்த முத்தத்தில நிக்கிறன், இதைக் காணேல்லையே" என்றா. அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சூரியனை மட்டும் நேரே பார்க்க விடாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

அப்புறம், அன்று பின்னேரம் எங்கள் வளவில் போர்த்தேங்காய் (ஒருவர் தேங்காயால் மற்றவர் தேங்காயை அடித்து உடைக்கும் விளையாட்டு) அடிப்போம். வைரமான சிரட்டையுள்ள தேங்காயாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் போட்ட நிழல் கோடுகளின் படங்களையும் இங்கே போடுங்கள்.