ஃபிளமெங்கோவுக்கு ஆறு மாதம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நடனங்களில் உள்ள வேலைவாய்ப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோவை ஆறு மாதத்தில் கற்றுச் சொந்தமாக வகுப்பு தொடங்கலாம் என்று அதில் இருந்தது. அது சரியல்ல என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்குடியில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவன். என் பேத்தி பரதத்தில் அரங்கேற்றம் முடித்துவிட்டு, ஸ்பெயினில் இருக்கும் செவில் நகரத்துக்குப் போய்ப் பல வருஷம் ஃபிளமெங்கோ கற்றாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவளுடைய ஆசிரியை அவளை அனுமதித்ததே சமீபத்தில்தான்.

அவளுக்கு முதலில் வந்த பாடம் காலுக்கு இல்லை, கைக்கு. உட்கார்ந்து தாளம் தட்ட வேண்டும். பாட்டு நடக்கும்போது உள்ளங்கைகளைக் குழித்து மந்தமாகத் தட்டுவது ஒன்று. விரல்களை மறு உள்ளங்கையில் அடித்துக் கணீரென்று தட்டுவது இன்னொன்று. புலேரியா என்ற வகைக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. அதைப் பன்னிரண்டில் தொடங்கி மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரித்து அழுத்துகிறார்கள். எங்கள் கணக்கில் சொன்னால், இரண்டு திஸ்ரத்துக்குப் (மும்மூன்றுக்கு) பிறகு மூன்று ஜோடி. கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. ஆனால் தொடையில் தட்டிக்கொண்டே அவள் பாடுவதைக் கேட்கச் சொன்னபோது இடம் தவறிப்போனது. கணக்கு தெரிந்தவனுக்கே இந்தப் பாடு என்றால், புதிதாக வருகிற பிள்ளைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுமுறைக்கு வந்தால் எங்கள் வீட்டு வளவில்தான் சாதகம். ஆடுகிற செருப்பின் முனையிலும் குதியிலும் ஆணி வரிசையாக அடித்திருக்கும், ஆத்தங்குடிக் கல் தாங்காது. அதனால் பழைய தேக்குப் பலகைகளைச் சேர்த்து அடித்து, கீழே கோணி விரித்துப் போட்டுக்கொடுத்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து அவள் காலையே பார்ப்பார்கள், நானும்தான். "ஐயா, பாட்டை விட்டுட்டுக் காலையே பாக்குறீங்களே" என்பாள். பாடகர் பாட்டின் ஓர் அடியைப் பாடும்போது ஆடுபவர் கையும் உடம்பும்தான் பேச வேண்டுமாம். அந்த நேரத்தில் காலால் படபடவென்று தட்டுவது பாட்டை மிதிப்பதற்குச் சமம். பாட்டின் அடி முடிந்ததும் காலால் ஓர் அழைப்பு கொடுத்தால், கித்தார்க்காரரும் பாடகரும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார்கள். சாகித்யத்தின் (பாட்டின் சொற்களின்) மேல் வாசிக்காதே என்று என் குருநாதர் சொன்னதும் இதுதான். ஒலிப்பதிவைப் போட்டு ஆடிப் பழகினவர்களுக்கு இது எப்படி வரும்? அங்கே பல வகுப்புகளில் கித்தார்க்காரர் நேரில் உட்கார்ந்து வாசிக்கிறார். நம் ஊர் நடன வகுப்புகளிலும் பாட்டும் மிருதங்கமும் நேரில் இருக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

பிழைப்பு என்று பார்த்தால் அதுவும் எளிதில்லை. தப்லாவோ என்னும் சிறு அரங்குகளில் இரவு நிகழ்ச்சி, யாராவது பெரியவர் குழுவில் பின்வரிசை, அப்புறம் வகுப்பு. செவிலில் 1946இல் பிறந்த கிறிஸ்டினா ஓயோஸ், புகழ்பெற்ற ஃபிளமெங்கோ ஆடற்கலைஞர் அந்தோனியோ காதேஸின் குழுவில் ஏறத்தாழ 20 வருஷம் ஆடிய பிறகுதான் தனிக்குழு அமைத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆடிய பெரிய கலைஞர் அவர். பிறகு செவிலிலேயே ஃபிளமெங்கோ நடனத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் ஏற்படுத்தினார். யுனெஸ்கோ 2010இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கலை இது. கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படத்தில் சிவப்பு மடிப்புப் பாவாடைதான் தெரிந்தது. பாடகரும் கித்தார்க்காரரும் படத்திலேயே இல்லை. எனக்கு அதுதான் பெரிய மனக்குறை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளைப் புதிய நடனங்களில் சேர்க்க இப்போது பெற்றோர் ஆர்வமாக இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், தாராளமாகச் சேர்க்கட்டும். ஆனால் ஆறு மாதச் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் விட்டால் குதிகாலும் முழங்காலும்தான் கெடும். இனி இப்படி ஒரு கட்டுரையோ விளம்பரமோ வெளியிடும்போது, சொல்லிக்கொடுப்பவர் யாரிடம் கற்றார், நேரில் பாடுகிற பாடகருக்கு எத்தனை வருஷம் ஆடியிருக்கிறார் என்ற இரண்டு விவரத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மிருதங்க ஆசிரியர்,
காரைக்குடி.